ஹரீஷ் கிளம்பிவிட்டான்

காலையில் காபிக்கு முன்னால் நான் பார்ப்பது, திரும்பி வந்த மடல்களைத்தான். பதினாறு வருடப் பழக்கம். சிலர் செய்தித்தாள் பார்க்கிறார்கள், சிலர் ராசிபலன் பார்க்கிறார்கள். முந்தைய நாள் அனுப்பியதில் எத்தனை போய்ச் சேரவில்லை, ஏன் சேரவில்லை என்று நான் பார்க்கிறேன். எண்ணிக்கை ஒற்றை இலக்கத்தில் இருந்தால் அன்றைக்குக் காபி நன்றாக இருக்கும்.

தமிழிலேயே எழுதித் தரலாம், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்று நீங்கள் சொன்னதற்கு நன்றி, மேடம். என் மராத்தி காய்கறி வாங்கப் போதும். இதைச் சொல்லப் போதாது. நேற்று உங்கள் அறையில் பேசும்போது நான் எதையோ மறைப்பதுபோல் தோன்றியிருக்கலாம். மறைக்க ஒன்றுமில்லை. தொழில்நுட்ப விஷயம், வரிசையாகச் சொன்னால்தான் புரியும்.

என் பெயர் ஸ்ரீவத்சன். வயது நாற்பத்தெட்டு. புனேயின் ஹடப்சரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மெயில் சர்வர்களைக் கவனித்துக்கொள்கிறேன். அது பிழைப்பு. அதற்கு வெளியே, புனேத் தமிழர்களின் சங்கம் ஒன்றுக்கு மின்னஞ்சல் குழு நடத்துகிறேன். லிஸ்ட் என்று சொல்வோம். ஒரே ஒரு முகவரி. அதற்கு ஒருவர் எழுதினால் உறுப்பினர்கள் ஆயிரத்து நூற்று நாற்பது பேருக்கும் போய்விடும். வாடகை வீடு, பொங்கல் விழா, நல்ல பல் டாக்டர், தமிழ் சொல்லித் தரும் டீச்சர், எல்லாம் அதில்தான்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதற்கு என்று உங்கள் கான்ஸ்டபிள் கேட்டார். நியாயமான கேள்வி. வாட்ஸ்அப்பில் இரண்டு முறை ஆரம்பித்தோம். முதல் குழு ஒரு தேர்தலில் உடைந்தது. இரண்டாவது குழு, சங்க விருந்தில் முட்டை வைக்கலாமா என்ற விவாதத்தில் உடைந்தது. அதன்பிறகு சங்கத்தின் செய்திகள் மின்னஞ்சலில் மட்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தீர்மானம் போட்டவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நடத்துபவன் நான்.

மின்னஞ்சல் தபால் மாதிரி என்று பலர் நினைக்கிறார்கள். தபால்காரர் உங்கள் முகம் பிடிக்கவில்லை என்று கடிதத்தைக் குப்பையில் போடமாட்டார். பெரிய மின்னஞ்சல் நிறுவனங்கள் போடும். அனுப்புகிற ஒவ்வொரு சர்வருக்கும் அவர்களிடம் ஒரு நன்னடத்தை மதிப்பெண் உண்டு. நம் மடலைப் பார்த்துவிட்டு ஆயிரத்தில் மூன்று பேர் ‘ஸ்பேம்’ என்ற பொத்தானை அழுத்தினால் போதும். மறுநாளிலிருந்து மீதி எல்லோருக்கும் நம் மடல் குப்பைப் பெட்டிக்குப் போகும். அழுத்துகிறவர்களுக்கு நம்மேல் விரோதம் எதுவும் இல்லை. கொசு அடிப்பதுபோல் அடிக்கிறார்கள். விலகிக்கொள்ள மடலின் அடியில் வசதி இருக்கிறது. அதற்கு இரண்டு முறை அழுத்த வேண்டும் என்பதால் யாரும் அதைத் தொடுவதில்லை.

இன்னொரு உதாரணம் சொல்கிறேன். அனந்தராமன் என்று ஒரு உறுப்பினர் காசிக்குப் போகும்போது, ‘நான் விடுப்பில் இருக்கிறேன்’ என்று தானாகப் பதில் போகும்படி வைத்துவிட்டுப் போனார். அதே வாரம் இன்னொருவரும் அப்படியே வைத்துவிட்டுப் போனார். இவருடைய இயந்திரம் லிஸ்டுக்கு விடுப்பு சொல்ல, அதற்கு அவருடைய இயந்திரம் விடுப்பு சொல்ல, ஒரே மத்தியானத்தில் அறுநூற்று நாற்பது மடல்கள் ஆயிரம் வீடுகளுக்கும் போயின. ‘என்னை நீக்குங்கள்’ என்று ஒன்பது பேர் ஆயிரம் பேருக்கும் எழுதினார்கள். அப்படி எழுதக் கூடாது என்று இருபது பேர் அதே ஆயிரம் பேருக்கும் எழுதினார்கள். கங்கையில் குளித்துக்கொண்டிருந்த அனந்தராமனுக்கு இது தெரியாது. சரிசெய்ய எனக்கு மூன்று வாரம் ஆனது. யாரும் நன்றி சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

இருதயராஜ் ஐந்து வருடத்துக்கு முன்னால் சேர்ந்தார். அவரை உங்களுக்குத் தெரியும், புகார் கொடுத்தவர் அவர்தானே. தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். பிறந்து வளர்ந்தது இங்கேதான். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்று, கேம்ப் என்கிற பழைய ராணுவக் குடியிருப்புப் பகுதியில் மனைவி வேதநாயகியுடன் இருந்தார். ஒரே மகள் சோனியா அபுதாபியில் நர்ஸ். தமிழில் தட்டச்சு செய்ய அறுபது வயதுக்குமேல் கற்றுக்கொண்டவர். கற்றதை வீணாக்கவில்லை.

காலை ஆறரைக்கு முதல் மடல் வரும். ‘அவசரம் அவசரம் எல்லோரும் படிக்கவும்’ என்று தலைப்பு இருக்கும். உள்ளே, கேம்ப் மார்க்கெட்டில் நல்ல சுரைக்காய் வந்திருக்கும் செய்தி இருக்கும். தலைப்பு சிவப்பு, விஷயம் நீலம், கையெழுத்து பச்சை. கூடவே ஒரு படம். அந்தப் படத்தைப் பெரிதாக்கினால் சுரைக்காயின் மேல் இருக்கும் பூனைமுடிகூடத் தெரியும், அவ்வளவு கனம். ஒரு மோசடிக்காரன் எப்படி எழுதுவானோ அப்படியே எழுதினார். மோசடி மட்டும்தான் இல்லை. ஒரு நாளைக்கு நான்கு, ஐந்து மடல்கள். ஸ்பேம் பொத்தானை அழுத்துகிறவர்கள் மூன்று பேரிலிருந்து முப்பது பேர் ஆனார்கள்.

அந்த வருடம் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் எங்கள் லிஸ்டைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். விழா அழைப்பு யாருக்கும் போகவில்லை. ஐந்நூறு பேருக்குச் சர்க்கரைப் பொங்கல் செய்து அறுபது பேர் உட்கார்ந்து சாப்பிட்டோம். சங்கத் தலைவர் ராம்பிரசாத், சிஞ்ச்வட்டில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் மேலாளர், என்னைத் தனியாக அழைத்தார்.

“ஸ்ரீவத்சன், அந்த அங்கிளை ஏதாவது பண்ணுங்க.”

“லிஸ்ட்லேருந்து எடுத்துடட்டுமா?”

“எடுக்கக் கூடாது. எடுத்தா, ஐடிகாரங்க கேம்ப் ஆளுங்கள ஒதுக்கறாங்கன்னு பேச்சு வரும். எடுக்காமயே ஏதாவது பண்ணுங்க. உங்களுக்குத் தெரியாததா.”

இதை நான் எழுத்தில் வாங்கவில்லை. அது என் தவறு.

முதலில் நேரில் சொல்லிப் பார்க்கத்தான் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் சர்ச்சிலிருந்து திரும்பிய நேரம். வேதநாயகி அம்மாள் டீயும் ஷ்ரூஸ்பரி பிஸ்கட்டும் வைத்தார்கள். குள்ளமான அம்மாள், பேசும்போது நம் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், காலியாகிறதா என்று.

“இந்த லிஸ்ட்டு வந்தப்புறம்தான் சார் மனுசன் எந்திரிச்சு உக்காந்தாரு,” என்றார்கள். “ரிடையர் ஆயி ஆறு மாசம் செவுத்தப் பாத்துட்டுப் படுத்தே கெடந்தாரு. சோறு வேணுமான்னா அதுக்கும் பதில் கெடையாது. இப்ப பாருங்க, காலைல மார்க்கெட்டுக்கு என்ன சேதி போடலாம்னே போறாரு.”

“நான் போடறது எல்லாம் வருதா தம்பி?” என்று இருதயராஜ் கேட்டார். “யாரும் பதில் போடறதில்ல. பரவால்ல. படிச்சாப் போதும், அவ்ளோதான்.”

இதற்குமேல் அவரிடம், உங்கள் மடல்களை முப்பது பேர் குப்பை என்று அறிவித்திருக்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது? உங்களால் முடியுமா, மேடம்? இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டு, வருகிறது அங்கிள் என்றேன்.

அதன்பிறகு செய்தது மிக எளிமையான ஏற்பாடு. அதே பெயரில், முகவரியில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி இன்னொரு லிஸ்ட் ஆரம்பித்து, லிஸ்டின் முகவரி மாறிவிட்டது என்று அவருக்குச் சொன்னேன். அதில் உறுப்பினர் ஒருவர்தான், இருதயராஜ். பெரிய லிஸ்டில் வருகிற மடல்கள் அவருக்கும் போகும். அவர் எழுதுவது மட்டும் இந்தச் சின்ன லிஸ்டுக்குள் வந்து, அவருக்கே ஒரு பிரதி போய், நின்றுவிடும். தன் மடல் லிஸ்டில் வந்திருப்பதை அவர் பார்ப்பார். ஆயிரத்து நூற்று முப்பத்தொன்பது பேர் அதைப் பார்க்கமாட்டார்கள். யாருக்கும் வலிக்கவில்லை. பெரிய லிஸ்டின் மதிப்பெண் இரண்டே மாதத்தில் பழைய நிலைக்கு வந்தது. அந்த வரைபடம் என் மடிக்கணினியில் இருக்கிறது, பார்க்கலாம்.

ஒன்பதாவது நாள் அவரிடமிருந்து ஒரு மடல். ‘என் மெயில் யாருக்காவது வருகிறதா? ஒரு பதில் போடுங்கள்.’ வேறு நிறமில்லை. கறுப்பு.

பதில் போட்டேன், என் பெயரிலேயே. ஆனால் ஒரே ஆள் பதில் போட்டுக்கொண்டிருந்தால் அது லிஸ்ட் ஆகாது. அதனால் ஹரீஷை உருவாக்கினேன். முப்பத்தொரு வயது, கோயம்புத்தூர்ப் பையன், சிஞ்ச்வட்டில் ஷிப்ட் என்ஜினீயர், அப்பா இல்லை. புது முகவரி என்பதால் ஹரீஷ் எழுதிய முதல் மடல்கள் இருதயராஜின் ஸ்பேம் பெட்டிக்குப் போயின. அவனை நம்பத்தகுந்தவனாக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. பிறகு சியாமளா. வாகட்டில் பிளாட், பத்தாவது படிக்கிற மகள். முற்றுப்புள்ளி வைக்கமாட்டாள். எனக்குத் தெரிந்தது சைவச் சமையல்தான் என்பதால் சியாமளாவும் சைவம். அவளும் வேதநாயகி அம்மாளும் ஊறுகாய்ப் பக்குவம் பரிமாறிக்கொண்டார்கள், அம்மாள் சொல்ல இருதயராஜ் தட்டச்சு செய்வார். பிறகு மனோஜ். எல்லோரும் ஒத்துப்போகிற இடத்துக்கு லிஸ்ட் என்று பெயர் கிடையாது. ஆகவே எதற்கும் மறுப்பு சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டான். ஒரு முறை மனோஜும் ஹரீஷும் தண்ணீர் லாரி விஷயமாகக் கடுமையாக மோதிக்கொண்டார்கள். இருதயராஜ்தான் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் சமாதானம் செய்துவைத்தார். எனக்கே நெகிழ்ச்சியாக இருந்தது.

கடைசியில் பதினான்கு பேர் ஆனார்கள். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கிறார், யார் எத்தனை நாள் தாமதமாகப் பதில் போடுவார் என்று ஒரு அட்டவணை வைத்திருந்தேன். என் மனைவி கிரிஜா, “யாரோட இவ்ளோ டைப் பண்ணிண்டிருக்கேள்?” என்று ஒரு நாள் கேட்டாள். குழு வேலை என்றேன். அது பொய் இல்லை.

நான்கு வருடமாக அவருக்கு எப்படிச் சந்தேகம் வரவில்லை என்று கேட்டீர்கள். வர வாய்ப்பிருந்தது. சங்க விழாக்களுக்கு அவர் வருவார். கையில் கிடைத்தவரிடமெல்லாம், “நேத்து நான் போட்டது படிச்சீங்களா?” என்று கேட்பார். நான் கொஞ்சம் பதறுவேன். ஆனால் ஒருவர் தவறாமல், “படிச்சோம் அங்கிள், சூப்பர்,” என்றார்கள். பெரிய லிஸ்டில் யார் எதையும் படிப்பதில்லை. படிக்காததைச் சொல்லிக்கொள்ள எல்லோருக்கும் கூச்சம். நான் பதினான்கு பேரைச் செய்தேன். மீதி ஆயிரம் பேர் தாங்களாகவே ஒத்துழைத்தார்கள்.

ஹரீஷை மட்டும் அவர் நேரில் பார்க்க ஆசைப்பட்டார். கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். ஹரீஷுக்கு அம்மை போட்டது. அடுத்த வருடம் அவனை இரண்டு மாதம் ஹோசூருக்கு அனுப்பவேண்டி வந்தது. அம்மாள் அவனுக்காகக் கல்கல் என்ற இனிப்பும் கேக்கும் செய்து ஒரு டப்பாவில் போட்டு, சங்க அலுவலகத்தில் கொடுத்துவிட்டிருந்தார்கள். மேலே பேனாவால் ஹரீஷ் என்று எழுதி ஒட்டியிருந்தது. நான்தான் போய் எடுத்துவந்தேன். நன்றாக இருந்தது. ஹரீஷ் அன்றே நன்றி எழுதினான்.

இந்த நான்கு வருடத்தில் அந்தச் சின்ன லிஸ்டில் ஒரு மடல்கூடத் திரும்பி வரவில்லை. ஒரு ஸ்பேம் புகார்கூட இல்லை. எழுதிய ஒவ்வொன்றும் படிக்கப்பட்டது, ஒவ்வொன்றுக்கும் பதில் போனது. புனேயில் இவ்வளவு ஒழுங்காக இயங்கிய லிஸ்ட் வேறு இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை.

காலை பத்து இருபதுக்கு மடல் வந்தது. தலைப்பு, ‘ரத்தம் வேண்டும்’. வேதநாயகி அம்மாள் விடியற்காலையில் ரத்த வாந்தி எடுத்திருக்கிறார்கள். கேம்ப்பில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். வயிற்றில் புண் வெடித்திருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும், ஓ நெகட்டிவ் நான்கு யூனிட் தேவை, அவர்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. ஆஸ்பத்திரி பெயர், வார்டு எண், தன் கைபேசி எண். அவர் எழுதியதிலேயே தொழில்நுட்ப ரீதியாகக் குறையே இல்லாத மடல் அது. சின்ன எழுத்து, ஒரே நிறம், படம் இல்லை. பெரிய லிஸ்டில் போட்டிருந்தால் ஆயிரத்து நூற்று முப்பத்தொன்பது பேருக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

அதை நான் யோசிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். உறுப்பினர் படிவத்தில் ரத்த வகை என்ற கட்டத்தைச் சேர்த்ததே நான்தான். அட்டவணையைத் திறந்து பார்த்தேன். ஓ நெகட்டிவ் இருபத்தொரு பேர். அதில் மூன்று பேர் கேம்ப்பிலேயே, நடந்து போகிற தூரம். இருபத்தொன்றில் நானும் ஒருவன்.

பெரிய லிஸ்டில் போட்டால் என்ன ஆகும் என்று வரிசையாக நினைத்துப் பார்த்தேன். பத்துப் பேர் அவரைக் கூப்பிடுவார்கள். இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்கே போவார்கள். அவர், ஹரீஷுக்குச் சொல்லியாச்சா, சியாமளாவுக்குத் தெரியுமா என்பார். எந்த ஹரீஷ் என்று அவர்கள் கேட்பார்கள். மனைவி படுக்கையில் கிடக்கிற நாளில் ஒரு மனிதரிடமிருந்து பதினான்கு நண்பர்களைப் பறிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்றைக்கும் படவில்லை.

அவருக்கு உடனடியாகத் தேவை தைரியம். பத்து முப்பத்துநாலுக்கு ஹரீஷ் எழுதினான். ‘அங்கிள் கவலையே படாதீங்க. நானும் ஓ நெகட்டிவ்தான். மனோஜும் அதே. இன்னொரு பிரண்டையும் கூட்டிக்கறோம். மூணு பேரும் கிளம்பிட்டோம்.’

ஹரீஷுக்குப் பதிலாக நானே போய்விடுவது என்றுதான் இருந்தேன். ஹடப்சரிலிருந்து கேம்ப் அரை மணி நேரம். ஆனால் பதினொரு மணிக்கு ஒரு மீட்டிங் இருந்தது, அதில் நான்தான் பேச வேண்டும். தவிர, இப்படி ஒரு செய்தி வந்தபிறகு மற்றவர்கள் சும்மா இருக்க முடியாது. சியாமளா பிரார்த்தனை செய்வதாக எழுத வேண்டும். ராமநாதன் என்று ஒருவர், மருந்துக் கம்பெனிக்காரர், எந்த டாக்டர் என்று விசாரிக்க வேண்டும். பதினான்கு பேர் பெயரில் அனுதாபம் எழுதுவது, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லாமல் எழுதுவது, நீங்கள் நினைப்பதுபோல் சுலபமான வேலை இல்லை. மீட்டிங்கில் மேசைக்கு அடியில் வைத்து எழுதினேன். பதினொன்று நாற்பதுக்கு ஹரீஷ் வழியில் தாபோடியைத் தாண்டினான். பன்னிரண்டரைக்கு சிவாஜிநகரில் மழை, வண்டி நகரவில்லை. அன்றைக்கு உண்மையிலேயே மழை.

அவருடைய பக்கத்து வீட்டு டேனியல், சர்ச் இளைஞர் குழுவில் இருப்பவர், ஆஸ்பத்திரி வாசலில் அவரோடு நின்றிருக்கிறார். இதையெல்லாம் டேனியல் சொல்லித்தான் எனக்கும் பிறகு தெரியும்.

“அங்கிள், நம்ம பசங்களுக்குப் போன் போடட்டா?”

“வேணாம்பா. மூணு பேர் வந்துட்டே இருக்காங்க, சிவாஜிநகர் வந்தாச்சு. சும்மா எல்லாரையும் அலைய வெச்சா நல்லா இருக்காது.”

“ஒரு பேச்சுக்கு, எக்ஸ்ட்ரா இருக்கட்டுமே.”

“அரே, ஹரீஷ் தம்பி சொன்னா வந்துருவான்டா.”

இரண்டு மணிக்கு டேனியல் அவரைக் கேட்காமலே போன் செய்ய ஆரம்பித்தார். முதல் ஆள் ஈர உடையோடு வந்து சேர்ந்தபோது மூன்று பத்து. வேதநாயகி அம்மாள் இரண்டு ஐம்பதுக்குப் போய்விட்டார்கள். ரத்தம் நேரத்துக்குக் கிடைத்திருந்தால் பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இரண்டாவது பாதியையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அடக்கத்துக்குப் போனேன். சர்ச் ஆட்களும், அவருடன் வேலை பார்த்தவர்கள் சிலரும், அபுதாபியிலிருந்து வந்த சோனியாவும் இருந்தார்கள். சங்கத்திலிருந்து வந்தது நான் ஒருவன்தான் என்று டேனியல் உங்களிடம் சொல்லியிருக்கிறார். ஒரு கணக்கில் பார்த்தால், பதினைந்து பேருமே வந்திருந்தோம். இருதயராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, ஹரீஷ் வரவே இல்ல. போனும் கெடையாது. அவன்கிட்ட நம்பரு வாங்கி வெக்கல நானு. மழைல பைக்ல வந்தான். அவனுக்கு என்னாச்சோ.”

அவர் கோபப்படுவார் என்றுதான் எதிர்பார்த்திருந்தேன். ஹரீஷ் மன்னிப்புக் கேட்கும் கடிதம்கூடத் தயாராக இருந்தது. கோபம் இல்லை என்றதும், கோபம் வராமலே இருக்கட்டும் என்று நினைத்தேன். மறுநாள் மனோஜ் எழுதினான்: சிவாஜிநகரில் ஹரீஷின் பைக்கை ஒரு டெம்போ இடித்துவிட்டது, கால் முறிவு, கைபேசி நொறுங்கிவிட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறான், நலம். இது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். ஆஸ்பத்திரி என்று எழுதியிருக்கக் கூடாது. ஊருக்குப் போய்விட்டான் என்று எழுதியிருக்க வேண்டும்.

மனைவியைப் புதைத்த மூன்றாம் நாளிலிருந்து அவர் பஸ் ஏறி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போனார். எலும்பு வார்டு எங்கே என்று கேட்டு, கட்டில் கட்டிலாகப் பார்த்தாராம். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். எந்த ஆஸ்பத்திரி என்று அவர் லிஸ்டில் தினம் கேட்டார். மனோஜ் தினம் ஒரு காரணத்தால் பதில் சொல்ல முடியாமல் போனான். ஐந்தாம் நாள் சிஞ்ச்வட்டுக்கு லோக்கல் ரயிலில் போய், மூன்று ஹவுசிங் சொசைட்டிகளில் வாட்ச்மேன்களிடம் விசாரித்திருக்கிறார். எட்டாம் நாள் டேனியலையும் கூட்டிக்கொண்டு, ஹரீஷைக் காணவில்லை என்று உங்களிடம் வந்து புகார் கொடுத்தார். பெயர், வயது, ஊர், அப்பா இல்லை, நல்ல பையன் என்று அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். புகைப்படம் கேட்டீர்கள், அவரிடம் இல்லை. அந்த இடத்தில் அந்த நாளில் விபத்தே பதிவாகவில்லை. பிறகு மின்னஞ்சல் முகவரியைத் தேடிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தீர்கள். நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கே நான் உண்மையைச் சொன்னேன். ஹரீஷ் எங்கே என்றீர்கள். இங்கே என்றேன்.

நேற்று உங்கள் அறையில் அவரை எனக்கு எதிரே உட்கார வைத்தது தேவையில்லாத காரியம் என்பது என் கருத்து. அவர் என்னைத் திட்டவில்லை.

“ஹரீஷ் இல்ல.”

“இல்லை அங்கிள்.”

“மனோஜு?”

“இல்லை.”

“சியாமளா பொண்ணு பத்தாவது பாஸாயிருச்சுன்னு எங்க வீட்டம்மா பாயசம் வெச்சாங்க தம்பி.”

தொண்ணூற்றொரு சதவீதம் என்று போட்டிருந்தேன். கொஞ்சம் குறைத்துப் போட்டிருக்கலாம்.

யார்மேல் தவறு என்று கேட்டீர்கள், மேடம். எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று உங்களுக்கே தெளிவாகவில்லை என்பதும் எனக்குத் தெரியும். நான் யோசித்துப் பார்த்தேன். லிஸ்டைப் பிரித்தவன் நான். அட்டவணையைப் பார்த்தவன் நான். கேம்ப்பில் இருந்த அந்த மூன்று பேருக்கும் சொல்லாதவன் நான். போகக்கூடியவன், போகாதவன் நான். இவை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் வருகிறேன் என்று நான் எந்த இடத்திலும் சொல்லவில்லை. மடல்களை எடுத்துப் பாருங்கள். சொன்னது ஹரீஷ். அந்த மடலை அனுப்பும்போதே எனக்கு அவன்மேல் வருத்தம்தான்.

தலைவர் ராம்பிரசாத் நேற்று மாலை கிரிஜாவுக்குப் போன் செய்திருக்கிறார். மிகவும் அதிர்ச்சியாக இருக்கிறது என்றாராம். இந்த விஷயம் லிஸ்டில் வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாராம். அவர் மீதும் எனக்குக் கோபமில்லை, பெரிய குழுவை நடத்துகிறவருக்கு அந்தக் கவலை இருக்கும்.

கடைசியாக ஒன்று, இது கொஞ்சம் அவசரம்.

நேற்று எழுந்திருக்கும்போது இருதயராஜ் என்னிடம் கேட்டார். “நெஜ லிஸ்ட்டு ஒண்ணு இருக்கில்ல? அது அட்ரஸ் குடு. அவ போனது யாருக்கும் தெரியாது.” கொடுத்தேன். இங்கே வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றி ஏற்றி, தன் கைபேசியில் அரை மணி நேரம் தட்டி அனுப்பினார். பெரிய லிஸ்டில் சேராத முகவரியிலிருந்து வந்தால் எந்த மடலும் என் அனுமதிக்காகக் காத்திருக்கும். விதி எல்லோருக்கும் ஒன்றுதான். அந்த மடல் இப்போது வரிசையில் நிற்கிறது. நான் அதைத் திறந்து பார்த்த கையோடு என் மடிக்கணினியை நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டீர்கள். உங்கள் ஆட்கள் யாராவது, இரக்கப்பட்டு, அனுமதி என்ற அந்தப் பச்சைப் பொத்தானை அழுத்திவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது.

தலைப்பு முழுக்கச் சிவப்பு. அவசரம் என்று இரண்டு முறை போட்டிருக்கிறார். படம் பதினொரு எம்பி. ஆயிரத்து நூற்று முப்பத்தொன்பது பேருக்கும் இது அப்படியே போனால் ஐம்பது பேராவது ஸ்பேம் என்று அழுத்துவார்கள், நான்கு வருட உழைப்பு ஒரு காலையில் போய்விடும். தயவுசெய்து முதலில் படத்தைச் சின்னதாக்கச் சொல்லுங்கள். வேதநாயகி அம்மாளின் முகம் அதில் மிகவும் பெரிதாக இருக்கிறது.